உறைமோரும் உடல்நலமும்

கோடை தொடங்கிவிட்டது. சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் அடியில் பரந்து கிடக்கும் நமது சமவெளியில் பங்குனி மாதத்திலேயே வெயில் தகிக்கிறது. கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது. குடிநீர்த் தொட்டிகளில் அடிமட்டத்துத் தண்ணீரே மிஞ்சுகிறது. சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு காணும் காலமும் இதுவே. கோழிப்பண்ணை வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் கவலை மிகுகிறது. வெப்பம் தாளாமல் கோழிகள் தீவனத்தைக் குறைக்கின்றன, கழிச்சல் காண்கிறது, முட்டையும் குறைகிறது.

இவ்விரு கவலைகளுக்கும் மருந்தாக ஒரே பெயர் இப்போது கடைவீதிகளில் அடிபடுகிறது. 'புரோபயாடிக்' என்பதே அப்பெயர். மருந்துக் கடையில் அது குப்பியாகவும் மாத்திரையாகவும் விற்கிறது. பால்பொருள் கடையில் இனிப்புப் பானமாகவும், தீவனக் கடையில் பொடியாகவும் கிடைக்கிறது. நெசவாளி தன் கூலியிலிருந்தும், விவசாயி தன் விளைச்சல் பணத்திலிருந்தும் இவற்றை வாங்குகின்றனர்.

இதைப் பற்றி அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. நம் வீட்டுத் தயிரும் பழைய சோறும் இதே பொருள்தாமா? குழந்தைக்கும் நோயாளிக்கும் இதனால் மெய்யாகவே பயன் உண்டா? கோழிக்குக் கொடுத்தால் போட்ட பணம் திரும்புமா? இம்மூன்றுக்கும் விஞ்ஞானம் இன்று கூறும் விடையை இயன்றவரை தெளிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத துணைவர்

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் நோய் என்ற எண்ணமே நமக்கு எழுகிறது. ஆயினும் கிருமிகள் யாவும் பகைவர் அல்ல. மனிதனுடைய உடம்பில் உயிரணுக்கள் எத்தனை உண்டோ, ஏறத்தாழ அத்தனை பாக்டீரியாக்களும் அவனோடு வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு உணவாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன. சில ஜீவசத்துக்களையும் ஆக்கித் தருகின்றன. இவற்றினும் பெரிய உதவி வேறொன்று உண்டு. பயிர் அடர்ந்து வளர்ந்த வயலில் களைக்கு இடம் இல்லாததுபோல, நல்ல நுண்ணுயிர் நிறைந்த குடலில் நோய்க்கிருமி வேரூன்றுவது கடினம்.

இந்த உண்மையை முதலில் வற்புறுத்திக் கூறியவர்களுள் ஒருவர் மெச்னிகாப் என்னும் ரஷ்ய விஞ்ஞானி. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய அவர், பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பால் காரணமாகலாம் என்று 1907-ஆம் ஆண்டில் எழுதினார். அடுத்த ஆண்டில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசும் பெற்றார். நீண்ட ஆயுளைப் பற்றிய அவருடைய கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அது ஆராய்ச்சிக்கு வழி திறந்தது.

1917-ல் ஜெர்மனியில் நிஸ்ஸில் என்னும் மருத்துவர், சகபோர்வீரர்கள் வயிற்று நோயால் வீழ்ந்தபோதும் தான் நோயுறாமல் தப்பிய ஒரு வீரனுடைய குடலிலிருந்து பயனுள்ள பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1930-ல் ஜப்பானில் ஷிரோட்டா என்பவர் பாலைப் புளிக்கச் செய்யும் ஓர் இனத்தைத் தேர்ந்து வளர்த்தார். 1920-களில் இந்தோசீனத்தில் காலரா பரவியபோது, அங்குள்ள மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களை ஊறவைத்த நீரைப் பருகுவதைப் புலார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கவனித்தார். அப்பழங்களிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்டு இன்றும் மருந்தாகப் பயன்படுகிறது.

உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001-ல் புரோபயாடிக் என்பதற்கு இலக்கணம் வகுத்தது. நுண்ணுயிர் உயிரோடு இருத்தல் வேண்டும். போதிய அளவில் உட்கொள்ளப்படுதல் வேண்டும். உட்கொண்டவருக்கு அதனால் நன்மை விளைதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அப்பெயர் பொருந்தாது. இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பானைகளை முதலில் பார்ப்போம்.

மோர்ப்பானையும் பழைய சோற்றுப் பானையும்

உறை என்றும் பிரை என்றும் நாம் அழைக்கும் ஒரு கரண்டி மோரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உயிரோடு உள்ளன. பாலிலுள்ள சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுவதால்தான் பால் தோய்ந்து தயிராகிறது. பால் குடித்தால் வயிறு உப்புசம் கொள்வோர் பலர் தயிரைத் தொல்லையின்றி ஏற்றுக்கொள்வதற்குக் காரணமும் இதுவே. தயிரிலுள்ள உயிர்க்கிருமிகள் பாற்சர்க்கரை செரிப்பதற்கு உதவுகின்றன என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட செய்தியாகும்.

ஆயினும் ஒரு வீட்டு உறைமோரிலுள்ள இனம் அடுத்த வீட்டு உறைமோரில் இராது. ஒரே வீட்டிலும் கோடையில் ஒன்றும் மார்கழியில் ஒன்றுமாக மாறும். எந்த இனம், எவ்வளவு, எந்த நோய்க்கு என்று சோதித்து அறியப்படாததால், கண்டிப்பான பொருளில் வீட்டுத் தயிரைப் புரோபயாடிக் மருந்து என்று விஞ்ஞானிகள் கூறுவதில்லை. நல்ல ஆகாரம் என்று கூறுகின்றனர். நமக்கு அது போதும்.

தறிக்குழியில் இறங்குமுன் நெசவாளியும், ஏர் பூட்டுமுன் உழவனும் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நீராகாரம் பருகுவது இப்பகுதியின் நெடுநாளைய வழக்கம். நீர் ஊற்றிய சோற்றிலும், புளித்த கம்பங்கூழிலும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வளர்கின்றன. மேலும், வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவம் பெறுகிறது. அப்பகுதி சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது.

இத்தகைய மாவுச்சத்தின் ஆற்றலை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் காலரா நோயாளிகளிடம் சோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உப்புக் கரைசலுடன் செரிக்காத மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகளின் பேதி குறைந்து விரைவில் நின்றது. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்பதை ஆராயச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியினர் 2021-ல் மாநில அரசின் நிதியுதவியுடன் முன்வந்தனர். பாட்டியின் பானை ஆராய்ச்சிச் சாலைக்குள் புகுந்தது குறித்து நாம் மகிழலாம்.

மகிழ்ச்சியில் மிகையாகப் பேசுதல் கூடாது. ஓர் இரவு ஊறிய சோற்றில் இரும்புச் சத்து இருபது மடங்கு பெருகுகிறது என்று பலர் கூறுகின்றனர். இரும்பு ஒரு மூலப்பொருள். சோற்றிலும் நீரிலும் பானையிலும் இல்லாத இரும்பை எந்த நுண்ணுயிரும் படைக்க இயலாது. கட்டுண்டு கிடக்கும் இரும்பை உடல் ஏற்கத்தக்கதாக அவிழ்த்துத் தருவதே புளித்தலின் உதவி. ஆகவே இரத்தசோகை கண்ட பெண்கள் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு நீராகாரத்தை நம்பியிருத்தல் ஆபத்தாகும். இட்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவு புளிப்பதால் அது மென்மையும் எளிதில் செரிக்கும் தன்மையும் பெறுகிறது. ஆனால் ஆவியில் வெந்தபின் அதில் புளிப்புக் கிருமிகள் உயிரோடு இருப்பதில்லை. கொதித்த மோர்க்குழம்புக்கும் இது பொருந்தும்.

பழைய சோற்றில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நீர் ஊற்றாமல் வெப்பத்தில் மூடிவைத்த சோற்றில் நச்சு உண்டாக்கும் ஒருவகைக் கிருமி வளரக்கூடும். அந்நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆதலால் சோறு ஆறியவுடன் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிச் சுத்தமான பானையில் வைத்தல் வேண்டும். கெட்ட வாடையோ வழவழப்போ கண்டால் கொட்டிவிடுதல் வேண்டும்.

மருத்துவத்தில் கண்ட பயன்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் நாட்டிலேயே நடந்த இரு பெரும் சோதனைகளை இங்கே குறிப்பிடுவது பொருந்தும்.

கல்கத்தாவின் குடிசைப் பகுதியில் 1 முதல் 5 வயது வரையுள்ள 3,758 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஷிரோட்டா கண்ட இனம் கலந்த பால்பானத்தையும், மறு பிரிவுக்கு அவ்வினம் சேராத பானத்தையும் 12 வாரங்கள் நாள்தோறும் கொடுத்தனர். முதற்பிரிவில் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்ததாக 2011-ல் முடிவு வெளியாயிற்று. பயன் உண்டு, ஆனால் சிறிது. நூறு பேருக்கு வரக்கூடிய நோயில் பதினான்கு தடுக்கப்பட்டன. எஞ்சியவை வந்தே தீர்ந்தன.

ஒரிசாவின் கிராமங்களில் நடந்த சோதனை இன்னும் பெரிது. பிறந்த சில நாட்களே ஆன, எடை குறையாத, தாய்ப்பால் உண்ணும் 4,556 சிசுக்களை அதில் சேர்த்தனர். ஒரு பிரிவுக்கு லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவின் குறிப்பிட்ட இனத்தையும், அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் ஏழு நாட்கள் வாய்வழி புகட்டினர். இரத்தத்தில் நச்சு பரவும் நோயும் மரணமும் மறு பிரிவில் 100-க்கு 9 என்றிருக்க, இப்பிரிவில் 5.4 ஆகக் குறைந்தன. 2017-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. பல ஆண்டுகள் தேடித் தேர்ந்த இனத்தை, மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்துக் கண்ட பயன் இது. இதைக் கேள்வியுற்று, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பொடியைப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டுதல் கூடவே கூடாது.

பயன்படாத இடங்கள், தீங்கு நேர்ந்த இடங்கள்

வெற்றிகளை மட்டும் எழுதி நிறுத்துவது அங்கத்தினர்களுக்கு நாம் செய்யும் துரோகமாகும். வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 971 பேரிடமும் கனடாவில் 886 பேரிடமும், பெயர்பெற்ற புரோபயாடிக் மருந்துகளைச் சோதித்தனர். வெறும் பொடியைக் காட்டிலும் அவை மேலான பயன் தரவில்லை என்று 2018-ல் தெரியவந்தது. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக அழற்சியுற்ற நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்த சோதனையில், கொடுக்கப்பட்டவர்களுள் 24 பேரும், கொடுக்கப்படாதவர்களுள் 9 பேரும் இறந்தனர். 2008-ல் இதை அறிந்து மருத்துவ உலகம் திடுக்கிட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதனால் குடலழுகல் நோய் குறைவது உண்மையாயினும், கொடுத்த கிருமியே இரத்தத்தில் புகுந்து ஒரு சிசு இறந்ததை ஒட்டி அமெரிக்க அரசு 2023-ல் எச்சரிக்கை விடுத்தது.

ஓரிடத்தில் பயன்பட்டது மற்றோரிடத்தில் பயன்படாமற் போவதன் காரணம் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். நிலக்கடலை விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைக்கிறோம். நிலக்கடலைக்குரிய ரைசோபியம் வேறு, உளுந்துக்குரியது வேறு. பொட்டலத்தின் காலம் கடந்திருந்தால் பயனில்லை. வெயிலில் வைத்தாலும் இரசாயன மருந்துடன் கலந்தாலும் அது செத்துவிடும். நெசவாளர்களுக்கும் ஓர் உவமை உண்டு. நூற்கட்டில் நம்பர் பார்க்காமல் நூல் வாங்குவோர் நம்மில் எவரும் இலர். 60-ஆம் நம்பர் நூலுக்கு ஆயத்தமான பண்ணையில் 100-ஆம் நம்பரை ஏற்றினால் துணி என்னாகும்? புரோபயாடிக் குப்பியிலும் நம்பர் போன்ற இனப்பெயர் உண்டு. அதைப் பார்க்காமல் வாங்குவது நம்பர் பாராமல் நூல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசலே. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலத்தைச் சுத்தமான நீரில் அதில் எழுதிய அளவின்படி கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மருத்துவர் கூறும் நாள்வரை துத்தநாக மாத்திரையும் கொடுத்தல் வேண்டும். கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். புட்டிப் பானம் வாங்கக் கையில் காசில்லையே என்று எந்தத் தாயும் ஏங்க வேண்டியதில்லை. உயிர் காப்பது விலையின்றிக் கிடைக்கும் அந்தப் பொட்டலமே.

மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் நம்மிடையே உண்டு. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு அம்மாத்திரை பலிக்காது. குடலிலுள்ள நல்ல கிருமிகளை மட்டும் அது அழிக்கும். பின்னர் புரோபயாடிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று எண்ணுவதும் எப்போதும் சரியாகாது. ஆன்டிபயாடிக் உண்டபின் புரோபயாடிக் உண்டவர்களுக்குத் தங்கள் சொந்த நுண்ணுயிர்கள் திரும்பி வருவதற்குக் கூடுதல் காலம் பிடித்ததாக 2018-ல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. பயிரை அழித்துவிட்டு விதைக்கு அலைவதைக் காட்டிலும் பயிரைக் காப்பதே அறிவுடைமை.

கோழிப்பண்ணையில்

மூன்றாவது கேள்வி நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பண்ணையாளர்களுடையது. தாய்க்கோழியின் சிறகடியில் பொரிந்த குஞ்சு, அதன் எச்சத்தையும் மண்ணையும் கொத்தித் தாயின் குடற்கிருமிகளைப் பெற்றுவிடுகிறது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. அதன் குடல் காலி நிலம். எந்த விதை முதலில் விழுகிறதோ அதுவே முளைக்கும். பின்லாந்தில் 1971-ல் கோழிகளிடையே சால்மொனெல்லா நோய் பரவியபோது, நுர்மி என்னும் விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். வளர்ந்த கோழியின் குடற்கிருமிகளைச் சிறு குஞ்சுகளுக்குப் புகட்டியதும் சால்மொனெல்லா அவற்றில் வேரூன்றவில்லை என்பதை 1973-ல் வெளியிட்டார். கோழித் தீவனத்தில் புரோபயாடிக் சேர்க்கும் முறைக்கு அடிப்படையான ஆராய்ச்சிகளுள் இது முக்கியமானது.

நமது நாட்டில் இதற்கு அவசரம் ஏற்பட்டுள்ளது. கோழிகள் விரைந்து வளர்வதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஐரோப்பிய நாடுகள் அதை 2006-ல் முற்றிலும் நீக்கின. மனிதருக்கு வேறெந்த மருந்தும் பலிக்காதபோது மருத்துவர்கள் கடைசியாக நாடுவது கோலிஸ்டின் என்னும் மருந்து. அதையும் வெல்லும் திறனை ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குக் கடத்தும் மரபணு 2015-ல் சீனத்தில் கண்டறியப்பட்டது. அதன்பின் 2019 ஜூலையில், கோழி, மீன் முதலிய உணவுப் பிராணிகளுக்கு அம்மருந்தைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு தடை செய்தது. நமது பண்ணைகளின் முட்டைகள் பள்ளிக் குழந்தைகளின் சத்துணவுத் தட்டுக்குச் செல்கின்றன. பண்ணையில் நாம் கலப்பது நம் பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடையது என்பதை மறத்தலாகாது.

தீவனத்தில் புரோபயாடிக் சேர்ப்பதால் கழிச்சல் குறைவதும், தின்ற தீவனம் நன்கு பயன்படுவதும் பல பண்ணைகளில் காணப்பட்டுள்ளன. எல்லாப் பண்ணைகளிலும் ஒரே பயன் கண்டதில்லை. வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. அதற்குத் தடுப்பூசியைத் தவிர வேறு காப்பு இல்லை. பிளீச்சிங் பவுடர் கலந்த குடிநீரில் புரோபயாடிக்கைக் கரைத்தால் கிருமிகள் மடிந்துவிடும். ஆன்டிபயாடிக் கொடுக்கும் அதே வேளையில் கொடுத்தாலும் பெரும்பாலும் வீண். குருணையாக்கும் எந்திரத்தின் சூட்டைத் தாங்குபவை பாசில்லஸ் வகை வித்துக்களே, லாக்டோபாசில்லஸ் தாங்காது.

போட்ட பணம் திரும்புமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடக் கோழியிடமே கேட்கலாம். ஒரே வயதுள்ள கோழிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மட்டும் கொடுத்து, தீவனத்தையும் முட்டையையும் இறப்பையும் எட்டு வாரங்கள் நோட்டில் குறித்து வாருங்கள். கணக்கே விடை கூறும். 1985 முதல் நாமக்கல்லில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆலோசனையையும் பெறுதல் நலம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனியொருவர் கடையில் நின்று கேட்க முடியாததைச் சங்கம் கேட்க முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2011-ல் உயிரித் தொழில்நுட்பத் துறையுடன் கூடி வகுத்த நெறிமுறைகளின்படி, புரோபயாடிக் உணவுப் பொருளின் மேலுறையில் பேரினம், சிற்றினம், அதனுள் தனியினம் ஆகிய மூன்றும், காலாவதி நாள்வரை உயிரோடிருக்கும் கிருமிகளின் எண்ணிக்கையும், வைக்கவேண்டிய முறையும் குறிக்கப்படுதல் வேண்டும். தீவனப் பொடியை மொத்தமாக வாங்கும் சங்கங்களும் இவ்விவரங்கள் இல்லாத சரக்கை ஏற்பதில்லை என்று தீர்மானிக்கலாம். கோடை மாதங்களில் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைச் சுகாதார நிலையத்திலிருந்து பெற்றுச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கலாம். பெண் அங்கத்தினர்கள் கூடும்போது அதைக் கரைக்கும் முறையைச் செய்து காட்டலாம். பண்ணையாளர்கள் எழுதிய எட்டு வாரக் கணக்குகளைப் பொதுக்குழுவில் படித்தால், ஒருவர் கற்றது நூறு பேருக்குப் பயன்படும்.

ஒரு கரண்டி உறைமோரை அண்டை வீட்டில் கேட்டு வாங்கி வந்து குடம் பாலைத் தயிராக்குகிறோம். மறுநாள் அண்டை வீட்டுக்கு நாம் கொடுக்கிறோம். அறிவையும் அங்ஙனமே கொடுத்து வாங்குவோமாக. இக்கோடையில் நம் சங்கத்து வீடுகளில் ஒரு குழந்தையேனும் நீர் வற்றிச் சோர்ந்து விழாதிருக்குமாயின், இதை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.